களவு போன எச்சில்

செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி.

அக்னஸின் உதட்டருகே பிடித்திருந்த பிளாஸ்டிக் குழாயில் ஒரு சொட்டு எச்சில்கூட விழவில்லை.

குழாயை ஓர் அறை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த மருத்துவக் குழுவினர் மூவர், ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் காஞ்சனா, அவருடைய துணை ஆய்வாளர் டாக்டர் ரையன், தாதி பிரேமாவதி, அக்னஸின் கணவர் இஞ்ஞாசிமுத்து. மூலை நாற்காலியில், மடியில் தண்ணீர்ப் பாட்டிலோடு, ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் சத்தியசீலன்.

ஒரு பெண்மணி துப்புவதைப் பார்க்க இத்தனை பேரா என்று சிரிப்பவர்கள், இப்போதே ஒரு கிரீம் கிரெக்கர் பிஸ்கட்டை எடுத்து மெல்லுங்கள். சிரமமில்லாமல் உள்ளே போகிறதா? உங்கள் காதுக்கு முன்னால் இருக்கும் இரண்டு எச்சில் சுரப்பிகளுக்கு நன்றி சொல்லுங்கள். அக்னஸால் ஆறு வருடமாக அந்த பிஸ்கட்டைத் தின்ன முடியவில்லை.

லூனாஸ்காரரான அவருக்கு மூக்குக்குப் பின்னால் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சு நோயைக் கொன்றது. போகிற போக்கில் எச்சில் சுரப்பிகளையும் பொசுக்கிவிட்டது. அதன் பிறகு சோறு இறங்க ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். இரண்டு வாக்கியம் பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மாதா கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவர், கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

காஞ்சனா மூன்று மாதத்துக்கு முன் அக்னஸின் கையிலிருந்து கொஞ்சம் தோல் எடுத்தார். அந்தத் தோல் செல்களுக்குத் தோல் வேலையை மறக்கடித்து, எச்சில் சுரக்கும் வேலையைக் கற்றுக்கொடுத்து, இரண்டு கன்னங்களிலும் ஊசி வழியாகக் குடியேற்றினார். கோலா கெத்தில் தோட்டத்தில் பிறந்தவர் என்பதால் நோயாளிகளுக்கு அதை அவர் விளக்கும் விதமே தனி.

"ரப்பர் பால்மரம் சீவுனவங்கதானே பிற்பாடு செம்பனைக் குலை வெட்டப் பழகினாங்க? ஆளு அதே ஆளுதான். வேலையை மாத்திச் சொல்லிக் குடுத்தோம். செல்லுக்கும் அதேதான்லா."

இன்று குழாய் நனைந்தால், காத்திருக்கும் பன்னிரண்டு பேருக்கும் அதே வைத்தியம் செய்யக் குழு அனுமதி தரும். நனையாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. அந்தப் பன்னிரண்டு பேரில் முதல் ஆள் சத்தியசீலன். அதே நோய், அதே கதிர்வீச்சு, அதே வறண்ட வாய். வீட்டைப் பூட்ட மறந்தாலும் அவர் பாட்டிலை மறக்க மாட்டார். போன தீபாவளிக்கு மகள் வீட்டுக்குப் போகும்போது பாலிங் வரை போய்விட்டு பாட்டிலுக்காகத் திரும்பி வந்தார். வழியில் கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்றார் மருமகன். "கடை வர்ற வரைக்கும் உன் நாக்கைக் குடு, வச்சிக்கிறேன்" என்றார் மாமனார்.

அறை வெந்துகொண்டிருந்தது. குளிர்காற்று வாயை உலர்த்தும் என்று காஞ்சனா ஏர்கோனை அணைக்கச் சொல்லியிருந்தார். குழுத் தலைவர் டத்தின் ரோஸ்னா டிஷ்யூவுக்கு மேல் டிஷ்யூவாக நெற்றியைத் துடைத்தார். சத்தியசீலனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இஞ்ஞாசிமுத்துவின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. அறை முழுக்கத் தைல வாசனை.

"இன்னும் ரெண்டு சொட்டு விடுங்க" என்றார் காஞ்சனா.

பிரேமாவதி புளிப்பு மருந்தை அக்னஸின் நாக்கில் விட்டார். நல்ல வாயாக இருந்தால் அதற்கே ஆறாக ஊறும். குழாய் காய்ந்தபடியே இருந்தது.

அக்னஸ் வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். "யாரு... லைட்டை... இவ்ளோ..." நாக்கு புரளவில்லை. எழுந்து நின்றார். "மாதாவே" என்றார். அப்படியே சரிந்தார்.

இஞ்ஞாசிமுத்து அவரைத் தாங்கிப் பிடித்தார். காஞ்சனா ஓடி வந்து தொட்டுப் பார்த்தார். முகம் செக்கச் செவேல் என்றிருந்தது. உடம்பு கொதித்தது. நாடி தறிகெட்டு ஓடியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது வலது கண்ணின் பாப்பா அகல விரிந்து கிடந்தது. இடது கண் பரவாயில்லை.

"ஒரு கண்ணு மட்டும் விரிஞ்சிருக்கு. ஸ்ட்ரோக்கா இருக்கும்" என்றார் ரையன்.

கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். மூளை சுத்தமாக இருந்தது. ஆனால் அக்னஸ் தெளியவில்லை. படுக்கையில் கிடந்து ஏதேதோ பிதற்றினார்.

டத்தின் ரோஸ்னா கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கண் முன்னால் வைத்தியம் பலிக்கவில்லை, நோயாளியும் விழுந்துவிட்டார். "அஞ்சு மணிக்குக் கிளம்பறோம். அதுக்கு முன்னாடி முடிவைச் சொல்லிடறேன்" என்றார். அந்த முடிவு என்னவென்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

காஞ்சனா தாழ்வாரச் சுவரில் சாய்ந்து நின்றார். சத்தியசீலன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அவரிடம் போனார்.

"டாக்டர், ஒரே ஒரு கேள்வி. உங்க செல்லை ரெண்டு கன்னத்துலயும்தானே போட்டீங்க?"

"ஆமா அங்கிள்."

"நெத்தியில போடலையே?"

காஞ்சனா அவரை வெறித்துப் பார்த்தார். இவருக்கும் சூட்டில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "நெத்தியிலயா? எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன். அஞ்சு மணி வரைக்கும் நான் கொஞ்சம் விசாரிக்கணும். பழைய பழக்கம், விட மாட்டேங்குது."

*

முதலில் இஞ்ஞாசிமுத்து. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். நல்ல வாட்டசாட்டமான ஆள். அந்த ஆள் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"ஒண்ணும் இல்ல சார். வாயில எதுவும் படக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கோப்பி கூட குடிக்கல."

"நேத்து ராத்திரி?"

"கஞ்சி. அதே பானையிலதான் நானும் குடிச்சேன்."

"மருந்து, மாத்திரை?"

"எல்லாத்தையும் டாக்டரம்மா ஒரு வாரமா நிப்பாட்டிட்டாங்க."

"படுக்கப் போறதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?"

"வழக்கம்தான் சார். செபமாலை சொன்னோம். தலைவாரி கொண்டை போட்டு விட்டேன். கதிர்வீச்சுக் கரெண்ட் வச்சதுலேருந்து அவளுக்குக் கழுத்து இறுகிப் போச்சு, கையைத் தூக்க முடியாது. பின்கழுத்துல ஒரு கோயோ ஒட்டி விட்டேன். கதவைச் சாத்திட்டுப் படுத்தோம்."

கெடா மாநிலத்தில் கோயோ ஒட்டாத வீடு கிடையாது. தலைவலிக்கு நெற்றிப் பொட்டில், இடுப்பு வலிக்கு இடுப்பில், என்ன வலியென்று தெரியாவிட்டால் கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும் தைல பிளாஸ்டர். சத்தியசீலனின் தோளிலேயே அன்று ஒன்று இருந்தது.

"இந்த மூணு மாசத்துல வாயில ஏதும் மாற்றம்னு சொன்னாங்களா?"

"கேட்டா சிரிக்கிறா சார். இப்போ ஒன்பது நாளா நவநாள் செபம். பேச்சே கம்மி. நவநாள் முடியட்டும், சொல்றேன்னா." இஞ்ஞாசிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னையோட முடியுது சார்."

அடுத்தது தாதி பிரேமாவதி. ஏற்கனவே அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அந்தப் புளிப்பு மருந்து பாட்டிலை எடுங்க, மிஸ்ஸி. உங்க நாக்கில ரெண்டு சொட்டு விடுங்க பார்ப்போம்."

பிரேமாவதி ஒரு கணமும் யோசிக்கவில்லை. அண்ணாந்து விட்டுக்கொண்டார். முகம் சுளித்தது, வாய் நிறைய ஊறியதை இரண்டு தடவை விழுங்கினார். சத்தியசீலன் அதைக் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்தார்.

"புளிப்புதான் சார். வேற ஒண்ணும் இல்ல."

"தெரியுது. போய் முகத்தைக் கழுவுங்க."

மூன்றாவது டாக்டர் ரையன். ஆராய்ச்சி மையத்தில் நல்ல பெயர் எடுத்த இளைஞர். நோயாளிகளை அக்கா, அங்கிள் என்றுதான் கூப்பிடுவார். மேசை மேல் ஒரு படம்: படகில் நின்று, கை நிறைய ஒரு கெராப்பு மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார்.

"எங்க புடிச்சது, தம்பி?"

"கோத்தா கோலா மூடாலேருந்து போட்டுல போவோம், மாசத்துக்கு ஒரு தடவை. கடல் எனக்கு ஒத்துக்காது அங்கிள், தலை சுத்தும். ஆனா தூண்டிலை விட முடியலலா."

"அக்னஸுக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு நெனைக்கிறீங்க?"

ரையன் பெருமூச்சு விட்டார். "நான் ஆரம்பத்துலயே சொன்னேன். தோலைச் சுரப்பியா மாத்திப் போடறது பெரிய ரிஸ்க். மிச்சம் மீதி இருக்கிற பழைய சுரப்பியை மருந்தால எழுப்பறதுதான் என் வழி. ரெண்டுல ஒண்ணுக்குத்தான் இடம்னுட்டாங்க. டாக்டர் காஞ்சனா வழியை எடுத்தாங்க."

அலமாரியின் மேல் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. நீல மூடி, மூடியில் ஆரோக்கிய மாதா ஸ்டிக்கர். தண்ணீர் கழுத்து வரை நிறைந்திருந்தது.

"அது அக்னஸோடதுதானே?"

"ஆமா. வெள்ளிக்கிழமை செக்கப் முடிஞ்சு நல்ல மழை. அவங்க வீட்டுக்கார அண்ணனுக்கு வேலை. நான்தான் கார்ல லூனாஸ்ல கொண்டு விட்டேன். பின் சீட்டுல மறந்துட்டுப் போயிட்டாங்க. இன்னைக்குக் குடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

"அன்னைக்கு எப்படி இருந்தாங்க?"

"பாவம் அங்கிள். வழி பூரா வாய் காஞ்சு தவிச்சாங்க. பேசக்கூட முடியல. அப்பவே தெரியும் எனக்கு, இது வேலை செய்யலைன்னு."

சத்தியசீலன் தம் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

*

பிற்பகல் இரண்டரை. அக்னஸின் படுக்கையருகே காஞ்சனா உட்கார்ந்திருந்தார். சத்தியசீலன் கால்மாட்டில் நின்று பார்த்தார்.

அக்னஸ் புரண்டார். வலது கை எழுந்து, கொண்டைக்குக் கீழே பின்கழுத்தைச் சொறிந்தது. பிறகு அதே விரலால் வலது கண்ணைக் கசக்கினார்.

"டாக்டர்!" சத்தியசீலன் கத்திய கத்தலில் காஞ்சனா துள்ளி எழுந்தார். "அவங்களைக் கொஞ்சம் திருப்புங்க. கொண்டையைத் தூக்குங்க. அந்தக் கோயோவைப் பிச்சு எடுங்க, சீக்கிரம்! கையுறை போட்டுக்கிட்டு!"

காஞ்சனா உரித்தார். மேலே சாதாரணக் கோயோ. தைல வாசனை மூக்கில் ஏறியது. அதன் அடியில், தோலோடு ஒட்டியிருந்த பக்கத்தில், காசு அளவில் வட்டமான மெல்லிய பட்டைகள். ஒன்று அல்ல, மூன்று.

காஞ்சனாவுக்கு ஒரு நொடிதான் ஆனது. "கடல்மயக்கத்துக்குக் காதுக்குப் பின்னால ஒட்டற பேட்ச்! ஒண்ணு ஒட்டினாலே வாய் வறண்டுடும். மூணு ஒட்டினா... ஐயோ, இதயம்!"

"கண்ணு?"

"ஒட்டின இடத்தைத் தொட்ட விரலால கண்ணைக் கசக்கினா அந்தக் கண்ணு மட்டும் விரியும். ஸ்ட்ரோக் இல்ல அங்கிள், ஸ்ட்ரோக்கே இல்ல!" அவர் ஏற்கனவே பஞ்சை நனைத்துக் கழுத்தைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். "நல்லவேளை. எடுத்தாச்சு. விடியறதுக்குள்ள தெளிஞ்சிடுவாங்க."

கதவருகே நின்ற இஞ்ஞாசிமுத்து தம் இரு கைகளையும் பார்த்துக்கொண்டார். "நான்தான் ஒட்டினேன். என் கையாலதான் ஒட்டினேன் சார்."

"நீங்க பாசத்துல ஒட்டினீங்க. அந்தக் கோயோ எங்க வாங்கினது?"

"வாங்கல சார். டெஸ்ட்டுக்குன்னு நேத்து சாயங்காலம் இங்க கவுண்டர்ல ஒரு பை குடுத்தாங்க. வாய்க்கு ஜெல், ஒரு துவாலை. அதோட சின்ன உறையில கோயோ ஒரு துண்டு இருந்துச்சு. அவ கழுத்து வலியை நெனச்சு அக்கறையா வச்சிருக்காங்கன்னு சந்தோஷப்பட்டேன். அடியில வட்டமா தெரிஞ்சதையும் மருந்துன்னுதான் நெனச்சேன்."

பிரேமாவதியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஜெல்லும் துவாலையும் அவர் வைத்தவைதான். கோயோவை அவர் வைக்கவில்லை. பை முந்தின நாள் மத்தியானம் முழுக்க உள்ளறை மேசையில் இருந்தது. அந்த அறைக்குப் போகிறவர்கள் மூன்றே பேர்: காஞ்சனா, ரையன், பிரேமாவதி.

சத்தியசீலன் ஜன்னலோரம் போய் யாருக்கோ போன் செய்தார். மலாயில் கொஞ்ச நேரம் பேசினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் பல வருடமாகக் காணாமல் போயிருந்த ஒரு மிடுக்கு இருந்தது.

*

மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு எல்லோரும் கூட்ட அறையில் இருந்தார்கள். ஏர்கோன் இப்போது ஓடியது. சத்தியசீலன் பேசியதில் பாதி மலாய். இங்கே முழுவதையும் தமிழிலேயே தருகிறேன். ஒவ்வொரு நாலு வாக்கியத்துக்கும் அவர் தண்ணீர் குடித்ததை மட்டும் விட்டுவிடுகிறேன்.

"டத்தின், காலையில அந்த ரூம்ல உங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது என்ன?"

"சூடு" என்றார் ரோஸ்னா. "டிஷ்யூ பத்தல."

"எல்லாருக்கும் வேர்த்துச்சு. என் வாயில எச்சில் கிடையாது. ஆனா என் சட்டையைப் பிழிஞ்சிருந்தா ஒரு கிளாஸ் வந்திருக்கும். கரெண்ட் என் எச்சில் சுரப்பியைத்தான் கெடுத்துச்சு, வேர்வையை ஒண்ணும் பண்ணல. அக்னஸுக்கும் அதே நோய், அதே கரெண்ட். ஆனா அவங்க முகத்துல ஒரு பொட்டு வேர்வை இல்ல. கீழே விழும்போதுகூட இல்ல. உடம்பு கொதிச்சுது, தோல் காஞ்சு கிடந்துச்சு. டாக்டரோட செல் கன்னத்துலதான் இருக்கு. அது தோத்திருந்தா வாய் மட்டும் காயணும். நெத்தியும் சேர்ந்து காஞ்சா? யாரோ மெயின் பைப்பையே மூடிட்டாங்கன்னு அர்த்தம்."

அவர் கோயோவை ஒரு தட்டில் வைத்து நீட்டினார். மூன்று பட்டைகளும் தெரியத் திருப்பி வைத்திருந்தது. குழுவினர் குனிந்து பார்த்தார்கள். யாரும் விளக்கம் கேட்கவில்லை. மருத்துவர்களுக்கு அதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"இப்போ இன்னொண்ணு யோசிங்க. காஞ்சு போன வாயைக் காய வைக்க யாராச்சும் மெனக்கெடுவாங்களா? என் கழுத்துல இதை ஒட்டி என்ன பிரயோஜனம்? காலி வீட்டுக்கு எவனும் திருட வர மாட்டான். அக்னஸ் வாயில திருடறதுக்கு எச்சில் இருந்துச்சு டத்தின்." அவர் காஞ்சனா பக்கம் திரும்பினார். "உங்க வைத்தியம் ஜெயிச்சிருச்சு, டாக்டர். அதுக்கு இந்தக் கோயோதான் சாட்சி."

காஞ்சனா வாயைப் பொத்திக்கொண்டார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் கண்ணில் வந்தது.

"ஆனா அது யாருக்குத் தெரியும்? அக்னஸ் நவநாள் முடியற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்னு இருந்தாங்க. புருஷன்கிட்டயே சொல்லல. வாயில ஈரம் வந்திருச்சுன்னு தெரிஞ்சவங்கதான் இதைச் செஞ்சிருக்க முடியும். அந்தப் பையைத் தொடக்கூடிய மூணு பேர்ல அது யாருக்குத் தெரியும்?"

சத்தியசீலன் மேசைக்கடியில் குனிந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். நீல மூடி. மூடியில் மாதா. பக்கத்தில் தம்முடைய பாட்டிலை வைத்தார். அது பாதி காலியாகியிருந்தது.

"இது வெள்ளிக்கிழமை டாக்டர் ரையன் கார்ல அக்னஸ் விட்டுட்டுப் போன பாட்டில்."

"மறந்துட்டாங்க" என்றார் ரையன். "அவங்க மறந்தது என் தப்பா?"

"மறந்ததுதான் தம்பி விஷயமே. எங்களை மாதிரி ஆளுங்க இதை மறக்க மாட்டோம். மறந்தாலும் வீட்டு வாசல் போய்ச் சேர்றதுக்குள்ள நாக்கு ஞாபகப்படுத்திடும். உங்களுக்கு ஒரு போன் வந்திருக்கும், அன்னைக்கு ராத்திரியே அண்ணன் லோரியை எடுத்துட்டு வந்திருப்பார். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். யாரும் தேடல."

ரையன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"அதுவும் போகட்டும். வழி பூரா வாய் காஞ்சு தவிச்சாங்கன்னு சொன்னீங்க. கையில பாட்டில் இருக்கு. தண்ணி கழுத்து வரைக்கும் அப்படியே இருக்கு. தவிச்ச மனுஷி ஒரு மடக்கு குடிக்கலையா? அவங்க தவிக்கல தம்பி. நல்லா பேசிட்டு வந்திருப்பாங்க. ஏதாச்சும் தின்னுட்டும் வந்திருப்பாங்க. அதை நீங்க கண்ணாடியில பார்த்துட்டீங்க. இன்னைக்கு அதை மறைக்கப் போய்ப் பொய் சொன்னீங்க. ஆனா பாட்டிலை அலமாரி மேலயே வச்சிருந்தீங்க. ஏன்னா, எச்சில் இருக்கிறவங்களுக்கு இது வெறும் பாட்டில்."

சத்தியசீலன் அக்னஸின் பாட்டிலை ரையன் பக்கம் நகர்த்தினார்.

"கடல் ஒத்துக்காது, தூண்டிலையும் விட முடியாதுன்னீங்க. தலை சுத்தலோட அந்தக் கெராப்பைப் பிடிச்சிருக்க முடியாது. உங்க தூண்டில் பெட்டியில மிச்ச பேட்ச் இருக்கும். நான் தேட மாட்டேன், எனக்கு இப்போ அதிகாரம் இல்ல. கூலிம் போலீஸ்காரங்க கீழே கார் பக்கத்துல நிக்கிறாங்க, அவங்க பார்த்துப்பாங்க."

ரையன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஒரு நாள் காஞ்சா போதும்னு நெனச்சேன்" என்றார் கடைசியில். "இது ஜெயிச்சா என் ஆராய்ச்சியைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. யாரையும் கொல்ல நெனைக்கல. ஒரு நாள்தான்."

"ஒண்ணு ஒட்டினா ஒரு நாள் காஞ்சிருக்கும். ஏன் மூணு?" என்றார் காஞ்சனா. அந்தக் குரலில் அழுகை இல்லை. கோபம் மட்டும் இருந்தது. "அவ்ளோ எச்சில் இருந்துச்சா ரையன்? ஒண்ணு பத்தாதுன்னு பயந்தீங்களா?"

ரையன் தலையை ஆட்டினார். ஆமாம் என்றுதான் ஆட்டினார்.

டத்தின் ரோஸ்னா கைப்பையைத் திறந்து கார் சாவியை எடுத்தார், யோசித்தார், மறுபடி உள்ளே போட்டார். "இங்க பக்கத்துல நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டார்.

*

வியாழக்கிழமை காலை. அதே அறை, அதே சூடு. இந்த முறை முதலில் வியர்த்தவர் அக்னஸ். நெற்றியில் அரும்பிய வியர்வையைப் பார்த்ததுமே இஞ்ஞாசிமுத்து சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

பிரேமாவதி குழாயைக் கொடுத்தார். புளிப்பு மருந்து இன்னும் நாக்கில் படவேயில்லை. ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. பிறகு சொட்டு என்று சொல்ல முடியாதபடி நூல் பிடித்தாற்போல் இறங்கத் தொடங்கியது. பிரேமாவதி குழாயை மாற்றினார். குழுவிலிருந்த வயதான டாக்டர் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். ஒரு மனுஷி துப்புவதற்கு யாராவது கைதட்டியிருக்கிறார்களா? அன்று அந்த அறையே தட்டியது.

"எப்போலேருந்து அக்கா?" காஞ்சனா சிரிப்பும் அழுகையுமாகக் கேட்டார்.

"நவநாள் தொடங்கின அன்னைக்குக் காலையில தலையணை நனைஞ்சிருந்துச்சு" என்றார் அக்னஸ். ஒரு மடக்குத் தண்ணீர்கூட இல்லாமல் நீளமாகப் பேசினார். "வாயில வழிஞ்சிருக்கு! டெஸ்ட் வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மாதாவுக்கு நேர்ந்துகிட்டேன். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு பாட்டிலைச் சும்மா தூக்கிட்டுத் திரிஞ்சேன். அந்தத் தம்பி கார்ல கச்சாங் கடலை குடுத்தாரு, நல்ல காரமா. ஆறு வருஷம் ஆச்சே, ஆசை விடல. பாக்கெட்டையே காலி பண்ணிட்டேன்."

"உன் வாயடக்கம் உன்னைக் கொன்னிருக்கும்" என்றார் இஞ்ஞாசிமுத்து.

"உங்க கோயோதான் கொன்னிருக்கும்" என்றார் அக்னஸ். எல்லோரும் சிரித்தார்கள். இஞ்ஞாசிமுத்துதான் பாவம், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்.

டத்தின் ரோஸ்னா காஞ்சனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்தப் பன்னிரண்டு பேரையும் வரச் சொல்லுங்க" என்றார்.

முதல் ஆள் மூலை நாற்காலியிலேயே இருந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, கையை நீட்டிவிட்டார்.

"எவ்வளவு தோல் வேணும்னாலும் எடுத்துக்குங்க, டாக்டர். இந்தத் தோலை வச்சு முப்பது வருஷம் கள்ளனைப் பிடிச்சாச்சு. வேற வேலை கத்துக்கட்டும்."

*

அந்த வருட ஈஸ்டர் பூசையில் அக்னஸ் பாட்டுக் குழுவின் முன்வரிசையில் நின்றார். சத்தியசீலன் மாதா கோயிலுக்குப் போகிறவர் இல்லை, அன்று போயிருந்தார். மூன்று பாட்டுகளையும் கேட்டுவிட்டு, வெளியே வந்து, மூக்கைச் சிந்தினார். புழுதி என்றார்.

பிறகு ஒரு நாள் அவருடைய வழக்கமான செக்கப். ஊசி போட்டு சில மாதம் ஆகியிருந்தது. காஞ்சனா கேட்டதற்கெல்லாம் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, முன்சீட்டில் ஒரு டின் கிரீம் கிரெக்கரோடு காரைக் கிளப்பிக்கொண்டு போனார். மகள் வீட்டுக்குப் பயணம்.

அவர் பாலிங்கைத் தாண்டும்போது போன் அடித்தது. காஞ்சனாதான்.

"அங்கிள், உங்க பாட்டிலை என் மேசையிலேயே விட்டுட்டுப் போயிட்டீங்க. நிறைய தண்ணி இருக்கு." அதைச் சொன்னதும்தான் காஞ்சனாவுக்கே உறைத்தது. கத்தினார். "அங்கிள்! பாட்டிலை மறந்துட்டீங்க!"

சத்தியசீலன் காரை ஓரம் நிறுத்தினார். வாய் நிறைய பிஸ்கட் இருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.